டிஸ்க்குக்குள் ஓர் ஆள்!

"ஆஆஆ...!"

எடிட்டிங் அறையிலிருந்து அலறல்!

சிஸ்டம் அக்கா ஓடினாள். அந்த சீரியல் கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவள் அவள்தான். முதலாளியைத் தவிர எல்லோருக்கும் அவள் அக்கா.

எடிட்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். திரையில் கதாநாயகியின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கத்தி... அப்படியே உறைந்து நின்றது!

"டிஸ்க்ல இடம் இல்லையாம்க்கா! சாயங்காலம் எபிசோடு போகணும். இவ செத்தாளா பொழைச்சாளான்னு ஊரே காத்துக்கிட்டிருக்கு!"

"கத்தாதே. புது டிஸ்க் மாட்டியாச்சு, பழசோட சேர்க்கணும், அவ்வளவுதான். எல்லாரும் ஃபைலை மூடிட்டு வெளியே வாங்க!"

பழைய யூனிக்ஸ் சர்வர் அது. எபிசோடுகள் இருக்கும் ஃபோல்டருக்குள் ஒரே ஒருத்தர் இருந்தாலும் இடத்தைப் பெரிதாக்க விடாது.

அக்கா தன் அறைக்குத் திரும்பி, இடத்தைப் பெரிதாக்கும் கட்டளையைத் தட்டினாள்.

'உள்ளே ஆள் இருக்கிறது' என்றது சர்வர்.

மறுபடி தட்டினாள்.

'உள்ளே ஆள் இருக்கிறது.'

முதலாளி மூச்சிரைக்க வந்தார். பின்னாலேயே அவர் மச்சான்.

"என்னம்மா இது? எபிசோடு போகலேன்னா சேனல்காரன் என் தோலை உரிச்சிடுவான்!"

"யாரோ வேணும்னே உள்ளே உட்கார்ந்திருக்காங்க சார்." அக்காவின் பார்வை மச்சான் மேல் போய் நின்றது.

"நானா? நான் காலையிலேர்ந்து கம்ப்யூட்டரையே தொடலை!"

"அதைத்தான் வருஷக்கணக்கா பார்த்துக்கிட்டிருக்கேனே!" என்றார் முதலாளி.

"யாரா இருந்தாலும் இன்னிக்கே சீட்டைக் கிழிக்கணும் சார். சொந்தம்னு பார்க்கக் கூடாது!"

"கிழிக்கிறேம்மா! என் பொண்டாட்டி மேல சத்தியம்!"

"மாமா, அது என் அக்கா! வேற யார் மேலயாவது பண்ணுங்க!"

சர்வரையும் தன் கம்ப்யூட்டரையும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றின் வயரையும் அக்கா பிடுங்கினாள். மச்சானுடையதைக் கொஞ்சம் ஆசையாகவே!

திரும்பி வந்து தட்டினாள்.

'உள்ளே ஆள் இருக்கிறது.'

"பேயா இருக்குமோக்கா?" எடிட்டர் வாசலைத் தாண்டாமல் எட்டிப் பார்த்தான்.

உள்ளே இருப்பது யார் என்று சர்வரிடமே கேட்க ஒரு கட்டளை உண்டு. மச்சான்தான் என்று முடிவு கட்டிவிட்டதால், அக்கா அதை இதுவரை தட்டவே இல்லை.

இப்போது தட்டினாள்.

ஒரே ஒரு பெயர் வந்தது...

அவள் பெயர்!

காலையில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க அந்த ஃபோல்டருக்குள் போனவள், வெளியே வரவே இல்லை. நடு வீட்டில் நின்றுகொண்டு, ஊரையெல்லாம் வெளியே போகச் சொல்லியிருக்கிறாள்!

சத்தியம் வாங்கியது வேறு யார்? அவளேதான்!

"யாரும்மா அது? பேரைச் சொல்லு!" முதலாளி நெருங்கினார். மச்சான் கழுத்தை நீட்டினான்.

அக்காவின் விரல்கள் பறந்தன. ஃபோல்டரை விட்டு வெளியே... திரை சுத்தம்... மறுபடி இடத்தைப் பெரிதாக்கும் கட்டளை...

சர்வர் சமர்த்தாகக் கேட்டது. இடம் விரிந்தது!

"ஆள் வெளியே போயாச்சு சார். இனிமே பயமில்லை!"

"தப்பிச்சிட்டானா? விடமாட்டேன்! எப்படிப்பட்ட ஆளுன்னாவது தெரிஞ்சுதா?"

அக்கா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"பொண்ணு சார். ரொம்ப அழகு... அறிவுக்கு மட்டும் இன்னிக்கு லீவு!"