விளக்கு சுற்றிய வேகம்

மே மாதம் பதினெட்டாம் நாள், சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு ஓர் அநியாயம் நடந்தது. மூன்று மாதம் பாடுபட்டுச் செய்த ஒரு மாதிரி விமானம், பறக்கத் தகுதியற்றது என்று ஒதுக்கப்பட்டது. அந்த விமானத்தின்மேல் எள்ளளவு குற்றமும் இல்லை.

அதைச் செய்தவளுக்கு வயது பதினொன்று. எந்நேரமும் பின்னலில் ஒரு சிறிய திருப்புளியைச் செருகி வைத்திருப்பாள். எங்கே திருகாணி தளர்ந்திருந்தாலும் திருப்புளியை உருவி முடுக்கிவிடுவாள். ஆகையால் பள்ளியில் அவள் பெயரே ‘திருப்புளி’ என்றாகிவிட்டது. வீட்டிலும் அப்படியே அழைத்தார்கள், கோபம் வந்த நேரம் தவிர.

அன்று மாதிரி விமானச் சங்கத்தில் சிறுவர் போட்டி. விதிகளில் ஒன்று மிகக் கடுமையானது. விமானத்தின் மூக்கில் சுற்றும் புரொப்பெல்லர், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுற்றக்கூடாது. சுற்றினால் அதன் பிளாஸ்டிக் இறக்கை தெறித்து யாருடைய கண்ணையாவது பதம் பார்த்துவிடும்.

அந்த வேகத்தை அளப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் ‘மீட்டர் சார்’. கொட்டகை வாசலில், நல்ல வெயில் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, சோப்புப் பெட்டி அளவுள்ள டேக்கோமீட்டரைச் சுற்றும் புரொப்பெல்லருக்கு நேராகப் பிடிப்பார். ஒவ்வோர் இறக்கையும் கடக்கும்போது வெளிச்சம் ஒரு முறை மறைந்து, மீண்டும் தோன்றும். அந்தச் சிமிட்டல்களை எண்ணி, கருவி வேகத்தைச் சொல்லிவிடும்.

திருப்புளியின் விமானத்துக்கு அது சொன்ன எண் 13,200.

“பதிமூவாயிரத்து எரநூறு! முடியாதும்மா. அடுத்து யாரு?” என்றார் மீட்டர் சார்.

“இருக்கவே இருக்காது சார். இது சின்ன மோட்டார்.”

“கருவி பொய் சொல்லாது பாப்பா. பன்னெண்டு வருஷமா அளக்கறேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல.”

“இன்னொரு தடவை அளங்க சார். ப்ளீஸ்.”

அளந்தார். அதே 13,200.

“பன்னெண்டு மணிக்குப் பதிவு முடிஞ்சிடும். அதுக்குள்ள வேகத்தைக் குறைச்சுட்டு வா.”

“அவ்வளவு குறைச்சா இது தரையை விட்டே எழும்பாது சார்.”

“அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?”

அவளுடைய தம்பிக்கு ஏழு வயது. சும்மா இருக்கத் தெரியாதவன். அதனால் அவன் பெயர் ‘வாலு’. விமானத்தின் வாலைத் தூக்கிக்கொண்டு அக்காளின் பின்னாலேயே நடந்தான்.

“அக்கா, நம்ம ப்ளேன் அவ்ளோ ஸ்பீடா? அப்ப இது ராக்கெட்டா?”

“வாயை மூடுடா!”

“நான் பெருமையாத்தானே சொன்னேன்!”

சுவரோரமாக நின்ற ஒரு சிறுவன் சிரித்தான். அவள் வகுப்பில் எல்லாரையும்விட உயரமானவன்; பெயர் ‘நெட்டை’. தன் பேட்டரியில் சார்ஜ் ஏறுவதற்காகக் காத்திருந்தான்.

“மூணு இறக்கை வெச்சா இப்படித்தான் திருப்புளி. நாங்க எல்லாரும் ரெண்டுதானே வெச்சிருக்கோம்? உனக்கு மட்டும் என்ன தனி ராஜாங்கம்?”

“என் சக்கரம் சின்னதுடா. உடைஞ்ச பொம்மைக் காரிலேருந்து எடுத்தது. ரெண்டு நீள இறக்கை போட்டா தரையில தட்டும். அதனாலதான் மூணு குட்டை இறக்கை.”

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். மூன்று இறக்கைகள் என்றால் கூடுதல் காற்றைத் தள்ள வேண்டும். சுமை கூடினால் மோட்டார் மெதுவாகத்தானே சுற்ற வேண்டும்? இங்கே எல்லாம் தலைகீழாக அல்லவா இருக்கிறது!

“உன்கிட்ட ரெண்டு இறக்கைப் புரொப்பெல்லர் ஒண்ணு கூடுதலா இருக்கு இல்ல? குடேன்.”

“ஆசையப் பாரு! தரையில தட்டும்னு இப்பத்தானே சொன்ன?”

“பறக்க இல்லடா. அளக்க.”

நெட்டை முணுமுணுத்தான், ஆனாலும் கொடுத்தான். பின்னலிலிருந்து திருப்புளி வெளியே வந்தது. மூன்றே நிமிடங்களில் புரொப்பெல்லரை மாற்றிவிட்டு, மீண்டும் மீட்டர் சாரின்முன் போய் நின்றாள். விமானத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தாள். கருவி 9,600 என்றது.

“அப்புறம் என்ன? இதையே போட்டுக்கோ!”

“அது தட்டும் சார். ஆனா ஒண்ணு கேக்கணும். அதே மோட்டார், அதே பேட்டரி. ரெண்டு பையைத் தூக்கிட்டு ஓடறவனைவிட, மூணு பையைத் தூக்கிட்டு ஓடறவன் வேகமா ஓடுவானா?”

“மாட்டான்.” மீட்டர் சார் காதைச் சொறிந்தார். “மாட்டான்தான். ஆனா மீட்டர் சொல்லுதேம்மா...”

“அப்ப மீட்டரை யாரு சார் அளக்கறது?”

வரிசையில் நின்ற இருவர் ‘ஓ’ என்று கூவினார்கள். மீட்டர் சாருக்கு முகம் சுருங்கியது. தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்குள் போனார். கருவியை அணைக்காமலே மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டு, குவளையை எடுத்தார். மேசைக்கு நேர் மேலே ஒரு பழைய குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வாலு எட்டிப் பார்த்தான். “அக்கா! ஓடி வா! டியூப்லைட்டு சுத்துது! மூவாயிரம்!”

கொட்டகையே சிரித்தது. மீட்டர் சாருக்குப் புரையேறிவிட்டது. திருப்புளி மட்டும் சிரிக்கவில்லை.

அவளுடைய அம்மா எலெக்ட்ரீஷியன். விளக்கு மாட்டும்போதெல்லாம் ஏணியைப் பிடித்துக்கொள்வது திருப்புளியின் வேலை. அம்மா ஒரு நாள் ஏணிமேலிருந்து சொல்லியிருக்கிறாள்: “இந்தப் பழைய டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை கண்ணைச் சிமிட்டும்டி. நம்ம கண்ணு சோம்பேறி, அதுக்குத் தெரியாது.”

திருப்புளி ஓர் அட்டைத் துண்டை எடுத்தாள். நொடிக்கு நூறு என்றால் நிமிடத்துக்கு ஆறாயிரம் சிமிட்டல்கள். கருவி காட்டுவதோ மூவாயிரம். சரிபாதி!

“சார்! இது ரெண்டு சிமிட்டலை ஒரு சுத்துன்னு எடுத்துக்குது!”

“ஆமா, ரெண்டு இறக்கை தாண்டினா ஒரு சுத்து. அதானே சரி?”

“ரெண்டு இறக்கைக்குச் சரி சார். எனக்கு மூணு தாண்டினாத்தானே ஒரு சுத்து? பதிமூவாயிரத்து எரநூறை ரெண்டால பெருக்கினா, இருபத்தாறாயிரத்து நானூறு சிமிட்டல். அதை மூணால வகுத்தா...” பென்சில் விறுவிறுவென்று ஓடியது. “எட்டாயிரத்து எண்ணூறு!”

மீட்டர் சார் அட்டையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், பிறகு கருவியைத் திருப்பிப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

“இதுக்கு அடியில என்ன சார்?”

“ஒரு பொத்தான். பசங்க நோண்டுவாங்கன்னு, வாங்கின அன்னைக்கே ஒட்டிட்டேன். அது எதுக்குன்னு...” அவர் குரல் தேய்ந்தது. “உண்மையச் சொன்னா, எனக்கே தெரியாது.”

டேப்பைச் சுரண்டுவதற்குத் திருப்புளிதான் கைகொடுத்தது. அடியில் ஒரு சின்னப் பொத்தானும், அதன் அருகே 2, 3, 4 என்ற எண்களும் இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தச் சங்கத்துக்கு மூன்று இறக்கைப் புரொப்பெல்லர் வந்ததே இல்லை. பொத்தானும் வெளிச்சத்தைக் கண்டதே இல்லை. மீட்டர் சார் அதை 3-க்கு மாற்றினார்.

அவள் தன் குட்டைப் புரொப்பெல்லரை மீண்டும் பொருத்திக் கொண்டுவந்தாள். கருவி 8,800 என்றது.

“என்மேலதான் தப்பு பாப்பா,” என்றார் மீட்டர் சார். வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி உரக்கவே சொன்னார். “நீ பறக்கலாம்.”

வாலு குதித்த குதியில் மேசை ஆடியது.

மணி பதினொன்று ஐம்பது. அடுத்து வந்தவன் நெட்டை. அவன் விமானம் உறுமியது. கருவியில் 6,800 என்று எண் வந்தது.

“ரொம்பக் குறைவுதான். போகலாம்!” என்றார் மீட்டர் சார்.

திருப்புளி கருவியின் பக்கவாட்டைப் பார்த்தாள். நெட்டைக்கு இரண்டு இறக்கைகள். பொத்தானோ இன்னும் மூன்றில் நிற்கிறது. மனத்துக்குள் கணக்குப் போட்டாள்: 10,200. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. புரொப்பெல்லர் கொடுத்து உதவியவன் வேறு. ஆனால் ஓடுபாதை ஓரத்தில், வேலியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

“சார், பொத்தான்!” என்றாள்.

மீட்டர் சார் தலையில் அடித்துக்கொண்டு அதை 2-க்கு மாற்றினார். எண் 10,200.

நெட்டை முகம் சிவந்தான். “உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியேடி! என் புரொப்பெல்லரை வாங்கிட்டு, என்னையே மாட்டிவிடறியா?”

“கத்தாதே. எட்டு நிமிஷம் இருக்கு. ரிமோட்டைக் குடு.”

“தர மாட்டேன்!”

“சரி, வீட்டுக்குப் போ.”

நெட்டை ரிமோட்டைக் கொடுத்தான்.

வேகத்தைக் கூட்டும் நெம்புகோல் ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் நகரும். பள்ளத்தின் மேல்முனையில் ஒரு தடை வைத்துவிட்டால், அது கடைசி வரை போகாது. அவள் பென்சிலின் பின்னாலிருந்த அழிரப்பரைக் கிள்ளி, அந்த முனையில் திணித்தாள்.

“இப்ப அளங்க சார்.”

9,400.

“அய்யோ, ரொம்பக் குறைஞ்சுபோச்சு!” என்று நெட்டை துடித்தான். அவள் ரப்பரில் பாதியைச் சீவி எறிந்தாள்.

9,900.

“போங்கடா, ரெண்டு பேரும் ஓடுங்க!” என்று மீட்டர் சார் பதிவு அட்டைகளில் கையெழுத்திட்டபோது, பன்னிரண்டு மணிக்கு இரண்டே நிமிடங்கள் இருந்தன.

பகல் ஒரு மணிக்கு, பொம்மைக் காரின் சக்கரங்கள் ஓடுபாதையில் கடகடவென்று உருண்டன. மூன்று குட்டை இறக்கைகளும் தரையில் தட்டவில்லை. விமானம் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு எழும்பியது. வேலியையும் கொட்டகையையும் தாண்டி வட்டமடித்தது. “ராக்கெட்டு இல்லக்கா, ப்ளேன்தான்!” என்று வாலு தொண்டை கிழியக் கத்தினான்.

இதைப் படித்து முடித்த உனக்கு ஒரு கேள்வி. உன் வீட்டு மின்விசிறிக்கு எத்தனை இறக்கைகள்? ‘தெரியுமே’ என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லாதே. எழுந்து போ, விசிறியை நிறுத்து, விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வந்து, அதன்பிறகு சொல்.