சுவருக்கு அந்தப் பக்கம்

ஆடி மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில், பக்கத்துக் காம்பராவில் மீனம்மா யாருக்கோ "சரிக்கா" என்று பதில் சொன்னாள்.

சண்முகவடிவு தலையைத் தூக்கினாள். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் அந்த நேரத்தில் ஆளே இருக்காது. எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தார்கள். முதல் நாள் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியதால்தான் வடிவு படுத்திருந்தாள். இரண்டு காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. மேலே விட்டிருந்த சந்து வழியே அந்தப் பக்கத்து அடுப்புப் புகையும், ஈரக் கம்பளியின் வாடையும், இருமலும் பெருமூச்சும் எப்போதும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும். இப்போது தகரத்தில் விழும் மழைக்கு அடியில் மீனம்மாவின் குரல் வந்தது. கொஞ்சம் பேசுவாள், நிறுத்துவாள், எதையோ கவனித்துக் கேட்பதுபோல ஓர் இடைவெளி, பிறகு மறுபடியும் "ஆமாக்கா".

அவள் பேசியே பல வாரமாகியிருந்தது. பிறந்த பிள்ளை தங்காமல் போன நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள் தலை சீவவில்லை, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போகவில்லை. புருஷன் இராமையா வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணி ஊற்றிவைப்பான். சாயங்காலம் வந்து, அப்படியே ஆறிக்கிடப்பதை எடுத்துக் கொட்டுவான். வடிவு காலையும் மாலையும் போய் அவளை எழுப்பி உட்காரவைத்து நாலு வாய் ஊட்டிவிட்டு வருவாள். சலிக்காமல் செய்தாள் என்று சொல்ல முடியாது. சலித்துக்கொண்டே செய்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் தன் புருஷன் சின்னராசா காய்ச்சலில் போனபோது அவளும் இப்படித்தான் கிடந்தாள். அப்போது கஞ்சி ஊட்டி, கையைப் பிடித்து வெயிலுக்கு இழுத்துப் போனவள் இந்த மீனம்மாதான்.

நொண்டிக்கொண்டே முன்திண்ணையான இஸ்தோப்பு வழியாகப் போய் வடிவு கதவைத் தள்ளினாள். உள்ளே வேறு யாருமில்லை. சாணம் மெழுகிய தரையில் ஈரக்கால் பட்ட தடம்கூட இல்லை.

"யாரு புள்ள வந்தது?"

மீனம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள்தானே இவ்வளவு நேரமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசினீர்கள் என்றாள்.

வடிவு வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள்.

"எந்திரிக்காத புள்ள. எந்திரிச்சு என்னத்தக் காணப் போற. அப்புடியே கெட. தெனமும் அதானே சொல்றீங்க."

தினமும். வடிவு மலையில் நிற்கும் நேரத்தில். அவள் காம்பரா பூட்டிக் கிடக்கும் நேரத்தில்.

அதைவிட மோசமானது வேறொன்று. அந்த வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். அவள் கிடந்த மாதங்களில் அதே வார்த்தைகளை, சொல் மாறாமல், இதே சுவர் வழியாக, தன் காம்பராவில் படுத்தபடி கேட்டிருந்தாள். மீனம்மாவின் குரலில். கஞ்சி ஊட்டும் கையும் படுத்துக்கிட என்று சொல்லும் வாயும் ஒருத்தியுடையவை என்று நம்பி, அந்த வருத்தத்தை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருஷம் விழுங்கி வைத்திருந்தாள்.

வடிவு பாயோரம் உட்கார்ந்து அதைச் சொன்னாள். மீனம்மா முதல்முறையாகத் திரும்பினாள்.

"நான் அப்புடி ஒருநாளும் சொல்லலக்கா."

"நானும் சொல்லல புள்ள."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். மழை மட்டும்தான் கேட்டது.

அன்றே வடிவு தன் பாயையும் சட்டிபானையையும் எடுத்துக்கொண்டு மீனம்மாவிடம் வந்துவிட்டாள். இராமையா காரணம் கேட்கவில்லை, இஸ்தோப்பில் படுத்துக்கொண்டான். வடிவின் பூட்டிய காம்பராவுக்குள் யாரும் போகவில்லை. குணமாவது மெதுவாகத்தான் நடந்தது. சில நாள் மீனம்மா எழுந்து உட்காருவதோடு சரி. சில நாள் வடிவுக்கே எழ மனசு வராது. அப்போது மீனம்மா வந்து அவள் காலைப் பிடித்து ஆட்டுவாள். குரல் மட்டும் வந்தால் நம்புவதில்லை என்று இருவரும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தார்கள். ஒருநாள் மீனம்மா தலை சீவிக்கொண்டாள். ஒருநாள் பீலிக்குப் போனாள். மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கியபோது கூடையை மாட்டிக்கொண்டு வடிவின் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தாள். சுவர் வாய் திறக்கவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இராமையா கடைக்குப் போயிருந்தான். வெளியே மூட்டம் கதவுவரை வந்து நின்றது. மீனம்மா சுட்ட ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. இதை வைத்துக் கூரை ஓட்டையை அடைக்கலாம் என்று வடிவு சொன்னாள்.

மீனம்மா சிரித்தாள். பிள்ளை போன பிறகு முதல் சிரிப்பு. சின்னதாக, மூக்கால்.

பூட்டிய காம்பராவுக்குள் யாரோ சிரித்தார்கள்.

அதே சிரிப்பு. கொஞ்சம் தாமதமாக. மறுபடியும் ஒருமுறை. இன்னும் சரியாக.

மீனம்மாவின் கை வடிவின் மணிக்கட்டைப் பிடித்தது. சூடான கை. உண்மையான கை.

அந்தப் பக்கம் எதுவோ உரசியது. சுவரோடு சேர்ந்து. கீழிருந்து மேலே.

சந்தில் விரல்கள் தெரிந்தன. முதலில் நாலு. பிறகு எட்டு. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த, நுனி வெடித்த விரல்கள். காலமெல்லாம் மலையில் நின்றவளின் விரல்கள். சுவர் விளிம்பை இறுக்கிப் பிடித்தன. மூட்டுகள் வெளுத்தன.

ரொட்டி கல்லில் புகைந்தது. இருவரும் அசையவில்லை.

விரல்களுக்கு நடுவே, மீனம்மாவைப் போலவே வகிடெடுத்துப் படியச் சீவிய தலை ஒன்று மெல்ல மேலே வந்தது.