ஒன்பது தளங்களுக்கு ஒரு வாசல்

சூலூரில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு காலத்தில் ஜாதகம் கேட்டார்கள். இப்போது முதலில் தளம் கேட்கிறார்கள். பையன் 'ஆலமரம்', பெண் 'மௌனம்' என்றால் காபியோடு எழுந்துவிடுவது மரியாதை. ஆலமரத்தில் அரை நிமிடத்துக்கு ஓர் அறிவிப்பு மணி அடிக்கும். மௌனத்தில் வருஷத்துக்கு ஒன்றுகூட அடிக்காது. இருவரும் ஒரே கூரைக்குக் கீழே எப்படிக் குடித்தனம் செய்வார்கள் என்று தரகரே தலையில் கை வைத்துவிடுவார்.

இத்தனைக்கும் எல்லார் கையிலும் இருப்பது ஒரே கருவி. திறவு என்னும் கைக்கணி. உள்ளங்கை அகலம், முதுகில் நான்கே திருகாணி. மற்ற ஊர்க் கைக்கணிகளில் கம்பெனி போட்டுக்கொடுத்த இயங்குதளம்தான் ஆயுசுக்கும். மாற்றப் பார்த்தால் கருவி கல்லாகிவிடும். திறவில் யாரும் எந்தத் தளத்தையும் ஏற்றலாம், பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு வேறொன்றை ஏற்றலாம். அதைச் செய்து விற்பது ஊர்க்காரர்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கம். 'பூட்டுமில்லை, சாவியுமில்லை' என்று சங்க வாசலில் கல்வெட்டே உண்டு. வெளியூர்ச் சொந்தம் வந்தால் கோயிலுக்கு அழைத்துப்போகும் முன்பு அந்த நான்கு திருகாணியைக் கழற்றிக் காட்டுவது ஊர் வழக்கம்.

தர்ஷிகாவுக்கு அந்தப் பெருமையில் கூடுதல் பங்கு உண்டு. ஐம்பத்தெட்டு வயது. சங்கத்தில் மூத்த நிரலாளர். ஒன்பது தளங்களில் மிகச் சிறியதான 'சிட்டு' அவள் தனியாளாகப் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து எழுதியது. அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: காது கேட்பது. ஓடுகிற மோட்டார் மேல் கைக்கணியை வைத்தால், எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்தக் கம்பிச்சுருள் சூடேறுகிறது என்று சிட்டு சொல்லிவிடும். பயன்படுத்தியவர்கள் நானூறு பேர். எல்லாரும் மோட்டார் மெக்கானிக்குகள். ஆலமரத்துக்கு நாற்பதாயிரம் பேர். ஆனால் ஆலமரத்தைக் கிணற்றடியில் வைத்தால் அது வானிலை அறிக்கை வாசிக்கும்.

சிக்கல் திறவின் நான்காம் மாதிரி ரூபத்தில் வந்தது. புதுச் சில்லு, புது ஒலிவாங்கி. அந்த ஒலிவாங்கியோடு தளம் பேசவேண்டுமானால் செலுத்தி என்றொரு நிரல் வேண்டும். அதைச் சில்லின் உள்விவரம் தெரிந்த சங்கம்தான் எழுத முடியும். ஆலமரம் ஒன்றுக்கு மட்டும் எழுதித் தருவோம், மற்றவற்றை யாரும் தடுக்கவில்லை, தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள் என்றது நிர்வாகக் குழு. கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே வந்தால் சோறு கிடையாது என்பது போல. செலுத்தி கிடைக்காவிட்டால் சிட்டு செவிடு. செவிட்டுச் சிட்டை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

ஒன்பது தளங்களுக்கும் செலுத்தி வேண்டும் என்று தர்ஷிகா மனுக் கொடுக்க, பொதுக்குழு கூடியது. சங்கத் தலைவர் ரித்தீஷுக்கு எழுபது வயது. மைக்கைப் பார்த்தால் அறுபதாகிவிடுவார். நாகரிகங்களின் எழுச்சி வீழ்ச்சியில் தொடங்கி, ஒற்றுமையே வலிமை என்பதைத் தொட்டு, முக்கால் மணி நேரம் கழித்துச் சங்கத்தின் பழுதுநீக்கும் மேசைக்கு வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தபின் அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"ஒம்போதையும் நம்முளுதுன்னு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது? எல்லாத்துக்கும் பொறுப்புங்கறவன் எதுக்கும் பொறுப்பில்லாதவனம்மா, தர்ஷிகா."

கைதட்டல் அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பேச்செல்லாம் அவளுக்கு வராது. எழுந்து, வாசல் கல்வெட்டில் இன்னும் ஒரு வரி செதுக்க இடமிருக்கிறதா என்று கேட்டாள். எதற்கு என்றார் தலைவர்.

"'பூட்டுமில்லை, சாவியுமில்லை'ன்னு இருக்குதுங்க. அதுக்குக் கீழ, 'உள்ள ஒரே ஒரு நாற்காலி'ன்னு செதுக்கிருங்க. வர்றவங்க ஏமாறாம இருப்பாங்க."

பின்வரிசையில் கிரீஸ் படிந்த சட்டைகளோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக்குகள் முதலில் சிரித்தார்கள். லோகித் என்ற பட்டறைக்காரன் விசிலே அடித்துவிட்டான். சிரிப்பு முன்வரிசைக்கு வந்தபோது ஓட்டும் கூடவே வந்தது. ஒன்பது தளங்களுக்கும் அதிகாரபூர்வ ஆதரவு என்று தீர்மானம் நிறைவேறியது. உலகிலேயே இப்படி ஒரு சங்கம் கிடையாது என்று தலைவர் அந்த நிமிஷமே தன் பெருமையாக்கிக்கொண்டார். தர்ஷிகா அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனாள் என்பார்கள்.

அடுத்த வாரமே அடுத்த வழக்கு. கைக்கணியைத் திறந்ததும் திரையில் ஒன்பது தளங்களின் பெயர்கள் வரும்; விரும்பியதைத் தொடலாம். சரி, யார் பெயர் முதலில்? கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் மாமன் பெயருக்குக் கீழே போய்விட்டதென்று பந்தியிலிருந்து எழுந்துபோனவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா இவர்கள்? அகர வரிசை என்றால் ஆலமரம் முன்னால் வருகிறது, சதி என்றார்கள். வயது வரிசை என்றால் மௌனக்காரர்கள் அறிக்கை விட்டார்கள். அவர்கள் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் பெயர்களை வட்டமாக அடுக்கினார்கள். வட்டத்துக்கும் உச்சி உண்டு என்று ஒருவர் கண்டுபிடித்ததால் வட்டத்தைச் சுற்றவிட்டார்கள். எந்தத் தளமும் தானாகத் திறந்துகொள்ளக் கூடாது, தொடும் வரை கருவி வட்டத்திலேயே நிற்கவேண்டும் என்பதும் ஏகமனதாக நிறைவேறியது. அந்த முகப்புக்கு 'வாசல்' என்று பெயரிட்டு, எழுதும் பொறுப்பைப் பட்சபாதமற்றவள் என்று தர்ஷிகாவிடமே கொடுத்தார்கள்.

வாசலில் நின்ற கைக்கணிக்கு அழைப்பு வந்தால் மணி அடிக்கவில்லை. தளத்துக்குள் போனால்தானே மணி? ஒருவர் தன் சம்பந்தியின் பதினோரு அழைப்பைத் தவறவிட்டு, குடும்பமே இரண்டாகப் பார்த்தது. ஆகவே வாசலுக்கே மணி வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். மணி இருக்கும் இடத்தில் பேசவும் வசதி வேண்டும் அல்லவா? வைத்தாள். பஸ் சீட்டு வாசலிலேயே எடுக்க முடிந்தால் ஓட்டமாக ஓடி வருகிறவனுக்கு உதவி. படம் பிடிப்பது, கடிதம், மின்விளக்கு எல்லாமே ஒவ்வொன்றாக வந்தன. ஒரே ஒரு நிபந்தனை: வாசல் எதையும் எந்தத் தளத்தையும் விட நன்றாகச் செய்துவிடக் கூடாது, செய்தால் தளங்களுக்கு அவமானம். ஆகவே ஒன்பது தரப்பும் ஒத்துக்கொள்ளும் அளவுக்குச் சுமாராகவே எல்லாவற்றையும் எழுதினாள். சுமாராக எழுதுவதும் ஒரு திறமை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் வருஷம் மோட்டார் காதையும் வாசலில் வைத்தாள். பதினாறே வரி. பழுது உண்டு, பழுது இல்லை என்று இரண்டே பதில். எந்தப் பேரிங் என்று சொல்லலாமா என்று கேட்டுப் பார்த்தாள். அது சிட்டுக்குச் சலுகை காட்டுவதாகும் என்று எட்டுத் தரப்பும் மறுத்தன. இருந்தும் அந்தப் பதினாறு வரியில் அவளுக்குத் தனிக் கர்வம். நாற்பதாயிரம் பேர் பைக்குள் அவளுடைய காது!

வாசல் வந்த மூன்றாம் வருஷம், சங்கத்தின் ஆண்டு விழா. பந்தல், நாதஸ்வரம், தலைவரின் முக்கால் மணி நேரம். ஒன்பது தளங்களுக்கும் எத்தனை பயனர்கள் என்று ஆண்டறிக்கையில் வாசிக்கவேண்டியது தர்ஷிகா. வாசலைக் கடந்து யார் எந்தத் தளத்துக்குள் போகிறார்கள் என்பதை வாசலே எண்ணி வைக்கும். மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த எண்ணிக்கையை எடுத்தாள். கடந்த ஆறு மாதத்தில் ஆலமரத்துக்குள் போனவர்கள் மூன்று பேர். மூவரும் சங்கத்தின் சோதனை அறைக்காரர்கள். மௌனத்துக்கு ஒருவர், அதுவும் கைதவறி. சிட்டுக்குச் சுன்னம்.

சுன்னம் எப்படி வரும், நான் ஒருத்தி இருக்கிறேனே என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு தன் கைக்கணியை எடுத்துப் பார்த்தாள். கடைசியாக உள்ளே போனது பதினான்கு மாதத்துக்கு முன்பு. காலையில்கூட வீட்டுப் பம்புசெட் முனகியபோது வாசலில் நின்றபடியேதான் வைத்துப் பார்த்தாள். பழுது உண்டு என்றது. சரி, யாரையாவது கூப்பிடலாம் என்று விட்டுவிட்டாள். பத்தொன்பது வருஷம் எழுதியவளுக்கே ஒரு தட்டு கூடுதலாகத் தட்டச் சோம்பல்.

மேடையில் தலைவர் ஒன்பது மலர்கள், ஒரே மாலை என்று முழங்கிக்கொண்டிருந்தார். தர்ஷிகா தன் முறை வந்தபோது எண்களை வாசிக்கவில்லை. அறிக்கை அடுத்த வாரம் என்று சொல்லி இறங்கிவிட்டாள். பந்தலுக்கு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவளை லோகித் பிடித்துக்கொண்டான். முன்பு விசிலடித்தவன்தான்; இப்போது காதோரம் நரை.

"ஏனுங்கக்கா, மூஞ்சியெல்லாம் சுண்டிப்போய்க் கெடக்குது. பட்டறைக்கு வாங்க, ஒண்ணு காட்டறேன்."

பட்டறை இரண்டு தெரு தள்ளி. விழா நாளிலும் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் மேசையறையிலிருந்து எடுத்தது பழைய மூன்றாம் மாதிரித் திறவு. ஒரு திருகாணி போய், அந்த இடத்தில் கம்பி கட்டியிருந்தது. வாசல் அதில் ஏறாது. ஆகவே வாசலின் எண்ணிக்கையில் அது வராது. திறந்ததும் நேராகச் சிட்டு வந்தது. ஓரத்தில் பதிப்பு எண் நாற்பத்தொன்று. தர்ஷிகா கடைசியாக வெளியிட்டது பத்தொன்பது.

யார் எழுதினார்கள் என்று கேட்டாள். நாங்கள்தான், ஆளுக்குக் கொஞ்சம் என்றான். வாசல் சொல்கிற உண்டு, இல்லையை வைத்துக்கொண்டு எந்த மோட்டாரைப் பிரிப்பது? அதனால் முந்நூற்றுச் சொச்சம் பேர் பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்களாம். அவள் அதை வாங்கி, ஓடுகிற ஒரு மோட்டார் மேல் வைத்தாள். பின்பக்கப் பேரிங் இன்னும் பதினோரு நாள் தாங்கும் என்றது சிட்டு. முன்பு எவனோ இரும்புச் சுத்தியலால் தட்டி மாட்டியிருக்கிறான் என்றும் சொன்னது. நாள் சொல்ல அவள் அதற்குக் கற்றுக்கொடுத்ததில்லை. சுத்தியல் சமாசாரம் அவளுக்கே தெரியாது.

கண் கலங்கியதைப் புகை மேல் போட்டாள். பட்டறையில் புகை இல்லை. நாளைக்கே குழுவில் வைக்கிறேன், மூன்றாம் மாதிரிக்கும் இந்தப் பதிப்புக்கும் அதிகாரபூர்வ ஆதரவு வாங்கித் தருகிறேன், இந்தத் தடவை சண்டை போட்டாவது வாங்கித் தருகிறேன் என்று படபடவென்று பேசினாள்.

லோகித் கைக்கணியை மெல்ல அவள் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டான்.

"அக்கா, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். ஆதரவு மட்டும் குடுத்துராதீங்க."

மறுவாரம் ஆண்டறிக்கை அச்சுக்குப் போனது. சிட்டுக்கு நேரே 'பயனர்கள்: எவருமில்லை' என்று இருந்தது. தலைவர் கையெழுத்துக்கு நீட்டியபோது, வருத்தப்படாதேம்மா என்று ஆறுதல்கூடச் சொன்னார். தர்ஷிகா வருத்தப்படவில்லை. கோடு தாண்டிப் போகுமளவுக்குப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு பெருமையோடு எந்தப் பொய்க்கும் சாட்சி சொன்னதில்லை.