உயிரோடு திரும்பிய குற்றம்

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு மார்க்.

லீஸ்பெத் கிரானர்ட் ஜெர்மன் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி அது.

அவள் செய்த குற்றம்..?

செத்துப்போன புருஷன் உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டான்!

ஸ்டெட்டின் துறைமுகம். 1920, அக்டோபர். ரஷ்யாவிலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு வந்த கப்பலில் ஆல்வின் கிரானர்ட் இறங்கினான். நாலு வருஷத்துக்கு முன்பே அவனைச் செத்தவன் என்று எழுதி, அவளுக்கு விதவைப் பென்ஷனும் கொடுத்து வந்தார்கள். அந்தப் பணத்தைத்தான் இப்போது திருப்பிக் கேட்டார்கள்.

பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தா ப்ரில்விட்ஸுக்கு இடது கை இல்லை. அதை பிரான்சில் விட்டுவிட்டு வந்திருந்தார். இருந்த ஒரு கையால் கணக்கை அவள் பக்கம் தள்ளினார்.

"புருஷன் செத்தா அரசாங்கம் உங்களுக்குக் கொடுக்கும். சாகலைன்னா நீங்க அரசாங்கத்துக்குக் கொடுக்கணும். அவ்வளவுதாம்மா."

"செத்துட்டான்னு சொன்னதே நீங்கதானே சார்?"

"சொன்னது கைசர் அரசாங்கம். இப்ப நடக்கறது குடியரசு."

"அப்ப வசூல் மட்டும் குடியரசோடதா?"

ப்ரில்விட்ஸ் சிரிக்கவில்லை. மாசக் கடைசிக்குள் கட்டாவிட்டால் ஜப்தி செய்ய அமீனா வருவான் என்றார்.

அமீனா வந்தால் எதை எடுப்பான்? வீட்டில் எடுக்கிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்றுதான். தையல் மெஷின். மாவு மில்லுக்குச் சாக்கு தைத்துக் கொடுத்து அதில்தான் அவள் ஜீவனம். ஆல்வினுக்குக் கால்விரல்கள் பனியில் போய்விட்டன. துறைமுகத்தில் ஒரு மூட்டைக்கு அஞ்சு பேர் அடித்துக்கொள்கிறபோது நொண்டியை எந்த மேஸ்திரி கூப்பிடுவான்?

மெஷின் போனால்... இருவருக்கும் பட்டினிதான்.

அவள் எழுந்தபோது ப்ரில்விட்ஸ் ஜன்னலைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். போன மாசம் ஸ்ட்ரால்சுண்டில் ஒரு கேஸ். புருஷன் என்று வந்து நின்றவன் புருஷனே இல்லை. வேறு எவனோ. அந்தம்மா வந்து சத்தியம் செய்து கொடுத்தாள். பாக்கி நின்றுவிட்டது. பென்ஷன் பழையபடி போகிறது.

"சைபீரியாவில இருந்து வர்றவங்க எல்லாம் ஒரே மூஞ்சியோடதாம்மா வர்றாங்க. யாரு யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

லீஸ்பெத் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

அவர்கள் வீடு பின்கட்டில், நாலாவது மாடி. அவள் சொல்லி முடிக்கிறவரை ஆல்வின் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தான். தோலும் சூப்புக்குப் போகும், அதனால் நிதானமாகச் சீவினான்.

"சொல்லிடு" என்றான்.

"என்னன்னு?"

"நான் உன் புருஷன் இல்லைன்னு."

"என்னய்யா பேச்சு இது? வாய் கூசாதா?"

"கூசுனா சோறு வருமா?"

பழைய கோட்டின் உள்துணியைப் பிரித்து ஒரு பட்டாளத்துச் சம்பளப் புத்தகத்தை எடுத்தான். சிப்பாய்க்கு அடையாளச் சீட்டும் அதுதான். குஸ்டாஃப் ரேபைன் என்று அதில் பெயர் இருந்தது. சைபீரியாவில் கிராஸ்னோயார்ஸ்க் கைதி முகாமில் பக்கத்துப் பலகையில் படுத்திருந்தவன். விஷக்காய்ச்சலில் செத்தான். யாரிடமாவது சேர்த்துவிடு என்று கொடுத்தானாம். சேர்க்கத்தான் ஆள் இல்லை. கல்யாணமாகாதவன், பிராம்பெர்க் ஊர்க்காரன். அந்த ஊரையே இப்போது போலந்துக்குக் கொடுத்தாயிற்று. எவனும் அங்கே போய் விசாரிக்கப் போவதில்லை.

"இன்னிலேர்ந்து நான் ரேபைன். கிரானர்ட் செத்தவன், செத்தவனாவே இருக்கட்டும்."

"அப்ப நீ எங்க இருப்ப?"

"இங்கதான். படுக்கை வாடகைக்கு."

அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகளில் அப்படி ஒருத்தன் இருந்தான். அறை எடுக்க வக்கில்லாமல் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துக் கிடப்பவன். பக்கத்து வீட்டாருக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அங்கே ஆபீசுக்கு எதையாவது மறைக்காத வீடு எது?

லீஸ்பெத் அவனையே பார்த்தாள். பல் போன வாய். குழி விழுந்த கன்னம். போருக்குப் போகும்போது குழந்தை ட்ரூடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை நடந்த ஆள். டர்னிப் கிழங்கைத் தவிர ஊரில் வேறெதுவும் கிடைக்காத அந்தப் பஞ்சக் குளிர்காலத்தில், ட்ரூடா அப்பன் இல்லாமலே செத்துப்போனாள்.

"வாடகை எவ்வளவு குடுப்ப?" என்றாள்.

அவன் வந்ததிலிருந்து இருவரும் முதல் தடவையாகச் சிரித்தார்கள்.

மறுநாள் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். இந்த ஆள் என் புருஷன் இல்லை, குஸ்டாஃப் ரேபைன் என்பவன். பொய்ச் சத்தியம் என்று தெரிந்தால் பத்து வருஷம் கடுங்காவல் என்று ப்ரில்விட்ஸ் வாசித்துக் காட்டினார். போலீஸ் விசாரித்து முடிக்கும்வரை பாக்கி நிறுத்தி வைக்கப்படுகிறது என்று எழுதி முத்திரை குத்தினார்.

மெஷின் தப்பித்தது.

பத்து நாள் நிம்மதியாகத்தான் போயிற்று. ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப். அவள் தைத்தாள், அவன் நூல் கத்தரித்தான்.

அப்புறம்...

கதவு தட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர் டாமரோ தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். பூனை மாதிரி மெதுவான மனுஷர். வணக்கம் சொன்னார். தையல் நன்றாக இருக்கிறதென்றார். அப்புறம் ஆல்வின் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாருங்க?"

ஆல்வின் மனப்பாடம் செய்ததைச் சொன்னான்.

"குஸ்டாஃப் ரேபைன். பிராம்பெர்க். இங்க படுக்கை வாடகைக்கு இருக்கேன் சார்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் டாமரோ. பாக்கெட்டிலிருந்து விலங்கை எடுத்தார். "உங்களை ஆறு வருஷமா தேடறோம்."

லீஸ்பெத்தின் காலடியில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றுபோயிற்று.

போருக்கு ரெண்டு மாசம் முன்பு, பிராம்பெர்க்கில் ஓர் அடகுக்கடைக்காரன் சுத்தியலால் அடித்துக் கொல்லப்பட்டானாம். அடித்தவன் கடைச் சிப்பந்தி ரேபைன். பட்டாளத்தில் சேர ஊரே முண்டியடித்த ஆகஸ்டு மாசக் கூட்டத்தில் அவனும் புகுந்து சீருடை மாட்டிக்கொண்டு தப்பிவிட்டான்.

"பிராம்பெர்க்தான் போலந்துக்குப் போயிடுச்சே..." என்றான் ஆல்வின். குரல் உடைந்திருந்தது.

"ஊரைத்தான் கொடுத்தோம். ஃபைலை எல்லாம் கொடுப்போமா? மூட்டை கட்டி இங்க கொண்டாந்துட்டோம். என் மேஜை மேலதான் இருக்கு."

லீஸ்பெத் எழுந்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"இவர் ரேபைன் இல்ல. என் புருஷன். ஆல்வின். நான்தான் பொய் சொன்னேன் சார்... கடனுக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன்."

"உக்காருங்கம்மா."

"உக்கார மாட்டேன். நம்புங்க சார்."

"நம்பறேன்" என்றார் டாமரோ. "நீங்க சொல்றதுதான் நிஜமா இருக்கும். அதனால?"



டாமரோ நிதானமாக விளக்கினார். இந்த ஆள் கிரானர்ட் என்றால், அவள் செய்தது பொய்ச் சத்தியம். அவள் ஜெயிலுக்கு. பாக்கி மறுபடி உயிர் பெறும். மெஷின் ஜப்தி. நொண்டிப் புருஷன் தெருவுக்கு. இந்த ஆள் ரேபைன் என்றால், ஒருத்தன் மட்டும் உள்ளே போவான். அவ்வளவுதான்.

"இந்த வருஷம் மட்டும் என் மேஜையில ஒம்பது கொலை. சுட்டவன் எல்லாம் பட்டாளத்து ஆபீசருங்க. கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜு எந்திரிச்சுக் கை குடுக்கறார். ஒரு ஃபைலையாவது நான் மூட வேணாமா?"

அவர் ஆல்வினைப் பார்த்தார்.

"நீயே சொல்லுப்பா. நீ யாரு?"

ஆல்வின் மெஷினைப் பார்த்தான். தைத்துக்கொண்டிருந்த சாக்கைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"இந்தம்மா பாவம் சார். ரெண்டு வார வாடகை பாக்கி வெச்சிருக்கேன். அது போயிடுமேன்னு என்னென்னமோ பேசுது. இவங்களுக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்ல. நான் ரேபைன்தான்."

"ஆல்வின்..."

"வாடகையை அப்புறம் அனுப்பறேம்மா" என்றான்.

டாமரோ விலங்கைப் பூட்டினார். நாலு மாடியும் நொண்டி நொண்டி இறங்குகிற சத்தம் அவளுக்குக் கடைசிப் படிவரை கேட்டது.

விசாரணை ஒரே காலையில் முடிந்தது. அடகுக்கடைக் கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்றான். அது போதுமானதாக இருந்தது. பதினைந்து வருஷம். அதே ஜட்ஜு, அன்றைக்கே, மூன்று தொழிலாளிகளைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட ஒரு லெப்டினன்டுக்குக் கொடுத்தது நாலு மாசம். அதுவும் கோட்டைக் காவல். ஜன்னலுள்ள அறை, சாயங்காலம் உலாவ அனுமதி!

லீஸ்பெத் ஜெயில் வாசலில் போய் நின்றாள். பார்க்க உறவுக்காரருக்கு மட்டும்தான் அனுமதி என்றான் வார்டர்.

"நீ யாரும்மா அவனுக்கு?"

அவள் செய்த சத்தியம் அவள் கழுத்தைப் பிடித்தது.

"வீட்டுக்காரி... வாடகை வீட்டுக்காரி."

"வாடகை வசூல் பண்ற இடமா இது?"

கொண்டுபோன ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். திரும்பி வரும் வழியில் அதை அவளே தின்றாள். பசித்தது. தின்றதற்காக அழுதாள்.

வருஷங்கள் போயின. அரசாங்கங்கள் வந்தன, போயின. மந்திரிகளைச் சுட்டார்கள். கூலி ஆயிரமானது, லட்சமானது, கோடியானது. கூலி வாங்கிய கையோடு ரொட்டிக் கடைக்கு ஓட வேண்டியிருந்தது. ஓடுவதற்குள் விலை ஏறியது.

1923, நவம்பர். ஜெயிலிலிருந்து வந்த கடிதத்தோடு தபால்காரன் அவளைத் தேடிவந்தான்.

கைதி ரேபைன் நெஞ்சுச்சளியில் இறந்துவிட்டான். உறவினர் யாருமில்லை. கடைசியாகக் குடியிருந்த இடம் என்பதால் தகவல் தரப்படுகிறது. உறவினர் கேட்டு வராவிட்டால் சிறை மயானத்தில் நம்பர் போட்டுப் புதைக்கப்படும்.

ரேபைன் பேரில்கூட இல்லை... நம்பர்!

லீஸ்பெத் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நேராகப் பென்ஷன் ஆபீசுக்கு நடந்தாள்.

ப்ரில்விட்ஸ் தலை நரைத்துப் போயிருந்தார். அவளை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"கடனைக் கட்ட வந்திருக்கேன் சார்."

"எந்தக் கடன்?"

"ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு. வந்தவர் என் புருஷன்தான். நான் செஞ்சது பொய்ச் சத்தியம். எழுதிக்குங்க. பணத்தை வாங்கிட்டு, அவர்தான் ஆல்வின் கிரானர்ட்னு ஒரு காகிதம் குடுங்க. குடுத்தா பொணத்தைத் தருவாங்க. பொண்ணு பக்கத்துல படுக்க வெச்சிடுவேன்."

"ஜெயிலுக்குப் போவீங்கம்மா."

"அங்க சூப் குடுப்பாங்கல்ல?"

மேஜைமேல் ஒரு கோடி மார்க் நோட்டு ஒன்றை வைத்தாள். அவளிடம் இருந்ததிலேயே சின்ன நோட்டு அதுதான். ஒரு ரொட்டி அன்று காலையில் இருபதாயிரம் கோடி.

ப்ரில்விட்ஸ் நோட்டைத் தொடவில்லை. உள்ளே போய் வந்தார். உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

ஒரு கோடிக்குக் கீழே உள்ள எந்தப் பாக்கியையும் கணக்கில் வைத்திருக்கக் கூடாது என்று பெர்லினிலிருந்து உத்தரவு வந்திருந்ததாம். காகிதமும் மசியும் அதைவிடச் செலவு. போன வாரமே அவள் கணக்கை அடித்து, எரித்தும் விட்டார்கள். அந்தக் கணக்கோடு விசாரணையும் முடிந்தது. அவள் விதவை. 1916லிருந்தே விதவை.

"எழுதறதுக்கு என்கிட்ட கணக்கே இல்லம்மா. இல்லாத கடனை நான் எப்படி வாங்குவேன்?"

"அப்ப என் புருஷன் வந்ததுக்கு..."

"அந்தக் கணக்கு ஒண்ணுதான் அத்தாட்சியா இருந்துச்சு" என்றார் ப்ரில்விட்ஸ், தலையைக் குனிந்துகொண்டு.

லீஸ்பெத் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். ஜெயிலில் இந்நேரம் குழி தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

உயிரோடு திரும்பி வந்த குற்றத்துக்கு ஆல்வின் கிரானர்ட்டுக்கு முழு விடுதலை கிடைத்துவிட்டது. அப்படி ஒருத்தன் திரும்பி வரவே இல்லை என்று குடியரசு பெரிய மனசு பண்ணி, கடனோடு சேர்த்து அவனையும் தள்ளுபடி செய்துவிட்டது.