காடாத் துணியில் கரிக்கோடு

நான்கு மாடியும் ஏறி வந்து தையல் அறைக் கதவைத் திறந்தாள் தலைமைத் தையற்காரி ஒதில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருடத்து ஜனவரி. பாரிஸ் முழுவதும் ஈரம். அறைக்குள் ஆவி பட்ட கம்பளியின் நாற்றம். அந்தத் தையல் கம்பெனிக்குக் கோட் வடிவங்களை வரைந்துவந்த பெரியவர் லெர்மோவா நவம்பரில் செத்துப்போயிருந்தார். பிப்ரவரி உடைக் காட்சிக்கு அவர் விட்டுப்போன பன்னிரண்டு படங்கள்தான் கதி என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். வெட்டித் தைக்க ஒதிலை விட்டால் ஆளில்லை.

இதை முடித்துவிட்டால் தியெப்பில் தங்கை வீட்டுக்குப் போய், கடலைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்கலாம். முப்பது வருட உழைப்புக்கு அவள் கேட்டது அவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. படங்களை மேசைமேல் பரப்பி வைப்பார்கள். தலைமைத் தையற்காரி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் அது அவளுடையது. திரும்ப வைக்கக் கூடாது, தைத்தே தீரவேண்டும்.

முதல் படத்தை எடுத்தாள். நல்ல கம்பளியில் கை வைக்குமுன் காடாத் துணியில் தைத்துப் பொம்மைக்குப் போட்டுப் பார்ப்பது முறை. மறுநாள் காலை அந்தக் காடாவின் தோளில் கரிக்கோடு ஒன்று இழுத்திருந்தது. லெர்மோவா உயிரோடு இருந்தவரை அப்படித்தான் திருத்துவார், வாயே திறக்கமாட்டார்.

தையற்காரி போலெத் தொட்டுப் பார்த்தாள். விரலில் கரி ஒட்டியது.

"செத்தும் மனுஷன் விடமாட்டேங்குறாரே, மதாம்," என்று கிசுகிசுத்தாள்.

ஒதிலுக்குப் பயத்தைவிட அலுப்புதான் வந்தது. அவர் திருத்தியது சரியாக இருந்ததில் எரிச்சல் வேறு. பிரித்துத் தைத்தாள். பன்னிரண்டுக்கும் இதே கதைதான்.

கடைசிக் கோட் முடிந்த மத்தியானம், படங்களைத் திருப்பி வைக்க அவருடைய அறைக்குப் போனாள். நவம்பரிலிருந்து பூட்டிக் கிடந்த அறை. ஆனால் அவருடைய சுருட்டு வாசனை இப்போதுதான் பற்றவைத்ததுபோல் அடித்தது. மேசைமேல் ஒரே ஒரு படம் இருந்தது.

அவள் பார்த்தறியாத கோட்.

தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. காற்றில்லை.

தாள் மெல்ல மேசை விளிம்புக்கு நகர்ந்தது.

சரிந்தது.

படம் தரையில் விழக் கூடாது என்பது அவள் உடம்பில் ஊறிப்போன பழக்கம். புத்தி தடுப்பதற்குள் கை பிடித்துவிட்டது.

"முடியாது, மொசியே," என்றாள், அழுகை முட்ட. "கை ரெண்டும் மரத்துப்போச்சு. என்னை விட்ருங்க."

படத்தைக் கொண்டுபோய் இஸ்திரி அடுப்பில் போட்டாள். சாம்பலாகும்வரை நின்று பார்த்தாள். அன்று மாலையே ரயிலேறிவிட்டாள்.

தங்கை ஜெர்மேன் சூடாகச் சூப் கொடுத்து, வெளுத்த துணி போர்த்திப் படுக்கவைத்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒதில் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துணி முழுவதும் கரிக்கோடுகள். எரித்த படத்தில் இருந்த முதுகு, கை, காலர் என்று ஒன்றும் விட்டுப்போகவில்லை.

காபியோடு வந்த ஜெர்மேன் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அக்கா, என்னது இது? யாரு பண்ணது?"

ஒதில் தோள் வரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். எப்போதும்போல் சரியாகத்தான் இருந்தது.

"கத்தரிக்கோலை எடுத்துட்டு வா," என்றாள்.