விழிப்பிருக்கை

ஏற்காட்டில் காலையில் கார் கிளம்பும்போது ஆண்கள் பின்னால் ஏறிச் சாய்ந்துகொள்வார்கள். பெண்கள் முன்னால் அமர்ந்து சாலையைப் பார்ப்பார்கள். கார் தானாகவே ஓடும் தானூர்திதான். ஆனாலும் மலைப்பாதையில் ஒருவர் விழித்திருக்க வேண்டும், அவர் மாதம் ஒருமுறை கையால் ஓட்டிப் பழகவும் வேண்டும் என்பது சட்டம். அந்த இடத்துக்கு விழிப்பிருக்கை என்று பெயர். சமையலைப் போல அதுவும் எப்படியோ பெண்கள் வேலையாகிவிட்டது. அந்தஸ்துள்ள ஆண் அங்கே உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து தண்மதிக்கு அந்த இருக்கைதான். பயிற்சிக்குக் கிளம்பும்போதெல்லாம், நல்ல பொழுதுபோக்கு என்பான் கணவன் பரிதி.

ஓர் ஆவணி மதியம் சூரியப்புயல் வீசியது. செயற்கைக்கோள்கள் ஊமையாயின. தானூர்திகள் நின்ற இடத்திலேயே நின்றன, ஆம்புலன்ஸும்தான். அந்த நேரம் பார்த்துப் பரிதியின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே, சேலத்தில் இருந்தது.

பரிதி காரின் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தான். தண்மதி மடித்துக் கிடந்த ஸ்டீயரிங்கை வெளியே இழுத்தாள்.

"மாமாவைப் பின்னால படுக்க வைங்க. தலையைப் பிடிச்சுக்கங்க."

மழை பிடித்துக்கொண்டது. கையால் ஓட்டத் துணியாமல் நின்றுவிட்ட கார்களுக்கு நடுவே, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக அவள் இறங்கினாள். பயிற்சித் திடலில் பள்ளத்தாக்கு இருந்ததில்லை. மாமனார் வழியிலேயே நினைவிழந்தார். ஆனால் பிழைத்துவிட்டார். அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகுதான் அவள் ஸ்டீயரிங்கை விட்டாள்.

அன்று நோயாளிகளை மலையிறக்கிய அத்தனை பேரும் பெண்கள். செய்திகளில் அதை வீரம் என்றார்கள். கையால் ஓட்டுவது கௌரவமாயிற்று. அதற்கென்று கழகம் தொடங்கினார்கள். முதல் வகுப்பு ஆண்களாலேயே நிரம்பிவிட்டது. பரிதியும் சேர்ந்தான்.

"இனி நான் ஓட்டறேன். இது சாதாரண வேலை இல்லம்மா, ஆபத்தானது" என்றான் ஒருநாள். உண்மையான அக்கறையோடுதான் சொன்னான்.

கழகத்தின் முதல் மலையேற்றத்தன்று தண்மதி மாமனாரோடு பின்னால் உட்கார்ந்தாள். வளைவில் கார் பின்னோக்கி நழுவியது. பரிதிக்கு முகம் வெளுத்தது. அவள் அவன் காதருகே குனிந்து, பிரேக்கை விடாமல் மெல்லத் திருப்பச் சொன்னாள். அடுத்தடுத்த வளைவுகளிலும் சொன்னாள். மாமனார் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

உச்சியில் மாலையோடு காத்திருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பழகினீர்கள் என்று கழகத் தலைவர் பரிதியைக் கேட்டார். மாமனார் முந்திக்கொண்டார்.

"அன்னிக்குப் புயல்ல என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் யாருங்கறீங்க? எங்க வம்சத்துக்கே அது கையில ஊறினதுங்க."

தண்மதி கணவனைப் பார்த்தாள். பரிதி மாலைக்குத் தலையைக் குனிந்தான்.