பூஜ்யத்துக்குக் கீழே ஒரு பாவம்

"டாக்டர்ர்ர்...! ஓடி வாங்க!"

நர்ஸ் ஷெல்லியின் அலறல் ஆராய்ச்சி வார்டின் கண்ணாடிக் கதவுகளைத் தாண்டி வந்து மோதியது.

டாக்டர் கலியா வாங் ஓடினாள்.

கட்டிலில் ராஜர் எட்லண்ட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சற்று முன்தான் அவர் கையில் மருந்து ஏறி முடிந்திருந்தது.

இதயம் நின்றிருந்தது!

கலியா அவர் மார்பை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு கை அவள் தோளைப் பிடித்து நிறுத்தும் வரை...

"போதும் கலியா. போயிட்டார்."

டாக்டர் லாயிட் ஹாக்கன்சன். அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரத்தில் இதய ஆராய்ச்சி என்றால் லாயிட்தான். உதவிப் பேராசிரியையாக வந்த கலியாவுக்கு அவர்தான் வழிகாட்டி. அவர் நிழலிலேயே வளர்ந்தவள், இப்போதுதான் முதல்முறையாகச் சொந்தப் பெயரில் ஒரு மருந்துப் பரிசோதனையைத் தொடங்கியிருந்தாள்.

"நான் கொன்னுட்டேன், லாயிட்!"

லாயிட் ஜன்னல் வழியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.



அந்த வாரக் கடைசியில் போலீஸ் வந்தது.

டிடெக்டிவ் டோனா ப்ரிஸ்பி ஈரமான பூட்ஸை மிதியடியில் தேய்த்தபடி கலியாவின் அறைக்குள் நுழைந்தாள். லாயிட்டும் அங்கே இருந்தார்.

"மீதி பாட்டிலையெல்லாம் சோதிச்சாச்சு. உறைஞ்சு, திரும்ப உருகியிருக்கு. உறையக் கூடாத மருந்தாமே?"

"உறைஞ்சா கெட்டுப் போயிடும்..." கலியாவின் குரல் உடைந்தது.

"யாரோ மருந்து ஃப்ரிட்ஜோட குளிர்க் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பிட்டு, அப்புறம் பழையபடி வெச்சிருக்காங்க. பூட்டு உடையலை. சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட. அப்புறம்... லாயிட்கிட்ட."

டோனாவின் பார்வை லாயிட் பக்கம் நகர்ந்தது.

"ஐயோ, அவரைச் சந்தேகப்படாதீங்க!" கலியா பதறினாள். "கையைப் பிடிச்சு எனக்கு ஆராய்ச்சி கத்துக் குடுத்தவர். நான்தான் அசதியில எதையாவது திருப்பித் தொலைச்சிருப்பேன். ராஜரோட மனைவி எனக்காக ப்ளூபெரி பழம் வெச்ச 'பை' பலகாரம் சுட்டு எடுத்துட்டு வந்தாங்க, மேடம்... 'என் புருஷனை நல்லாப் பார்த்துக்கோம்மா'ன்னு சொன்னாங்க..."

லாயிட்டின் நெற்றியில் வியர்வை!

"அப்ப ஒத்துக்கறீங்க?" டோனா கலியாவைக் கேட்டாள்.

"ஒத்துக்கறேன்."

க்ளிக்!

கலியாவின் மணிக்கட்டில் விலங்கு விழுந்தது.

"நிறுத்துங்க!"

லாயிட் எழுந்தார். முகம் சாம்பலாகியிருந்தது.

"அவ இல்லை. திருப்பினது நான்!"

கலியா அவரையே வெறித்தாள். "லாயிட்... நீங்களா?"

"மருந்து வேலை செய்யாமப் போகும்னுதான் நினைச்சேன். பரிசோதனை தோத்துட்டா நீ திரும்பி என் லேபுக்கே வந்துடுவேன்னு... ஆளையே கொல்லும்னு சத்தியமா நினைக்கலை! கண்ணை மூடினா ராஜர் வர்றார். 'டாக்டர்... ஏரி உறைஞ்சாச்சு, ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்க எப்ப போகலாம்?'னு கேக்கறார்."

"ஏன் லாயிட்? நான் வளரணும்னுதானே சொல்லிட்டே இருந்தீங்க?"

"வளரணும். ஆனா போயிடக் கூடாது!" அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "சமீபத்துல நான் வாங்கின கைதட்டல் எல்லாம் உன் மூளைக்குக் கிடைச்சது, கலியா. நீ போயிட்டா... நான் வெறும் பேரு மட்டும்தான்."

டோனா சாவியை எடுத்தாள். கலியாவின் விலங்கைக் கழற்றினாள்.

"ராஜரைக் கொன்னது மருந்தில்லை, டாக்டர்."

"என்ன...?"

"உங்க பரிசோதனையில பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு உங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. பரிசோதனையைக் கண்காணிக்கிற குழு இன்னிக்குக் காலையில அந்த ரகசியப் பட்டியலைத் திறந்து பார்த்தாங்க. ராஜருக்கு ஏறினது உப்புத் தண்ணி! உறைஞ்சாலும் உருகினாலும் அது உப்புத் தண்ணிதான். அவருக்கு இதய ரத்தக்குழாய்ல அடைப்பு. பிரேதப் பரிசோதனையும் அதையேதான் சொல்லுது."

கலியா அப்படியே நாற்காலியில் சரிந்து அழுதாள். ராஜருக்காகவா, தனக்காகவா... அவளுக்கே தெரியவில்லை.

லாயிட் டோனாவின் பக்கம் திரும்பினார். "அப்ப... காலையிலயே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். குமிழைத் திருப்பின கை எதுன்னுதான் தெரியலை. அதுக்குத்தான் அந்த விலங்கு நாடகம்."

"நான்... கொலைகாரன் இல்லை?"

"இல்லை. நோயாளிங்க மருந்தைக் கெடுத்தவர். ஜெயிலுக்கு அதுவே போதும்."

க்ளிக்! இந்த முறை லாயிட்டின் கையில்.

வாசல் வரை போனவர் திரும்பினார். ஒரு குழந்தையைப் போலக் கேட்டார்.

"கலியா... எனக்கு ஒண்ணும் ஓடலை. நல்ல வக்கீலாப் பார்த்து, நீயே எல்லாத்தையும் பேசி முடிச்சுடறியா?"

கலியா கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே நீங்களும் தனியா இயங்கக் கத்துக்கணும், லாயிட்!"